மரக் கயாக்கில் எப்பாக்ஸி கெடும் இடங்களும் அதைச் சரிசெய்யும் வழிகளும்

பலகைகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறையில் 5 மீட்டர் நீளக் கடல் கயாக் ஒன்றைக் கட்டினால், உள்ளும் புறமும் மேல்தளமும் சேர்த்து 6 முதல் 8 லிட்டர் எப்பாக்ஸி (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் பிளாஸ்டிக் பசை) செலவாகும். இதை ஒரே தடவையில் கலக்க வழியில்லை. நூறு, நூற்றிருபது கிராமாக அறுபது முதல் எண்பது கோப்பை கலக்க வேண்டும். 4 மி.மீ. பிளைவுட்டை வெட்டுவதில் பிசகினால் வேறு பலகை வெட்டிக்கொள்ளலாம். எப்பாக்ஸியில் பிசகினால் அது படகின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அப்படி நிற்கும்போது, மேலே இன்னொரு பூச்சு போட்டு மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலே போடும் பூச்சு நன்றாக இறுகும், பளபளவென்றும் இருக்கும். அடியில் இருப்பது இறுகாமலேயே கிடக்கும். வெயிலில் படகை நிறுத்திய அன்றே கொப்புளம் கிளம்பலாம். உப்புத்தாளையோ பிரஷ்ஷையோ கையில் எடுக்கும் முன் எது கெட்டது, எதனால் கெட்டது என்று கண்டுபிடித்தாக வேண்டும். கீழே வரும் விவரங்கள் தமிழ்நாட்டுக் கடற்கரையின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப எழுதியவை. வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்கும் நேரக் கணக்கு பெரும்பாலும் குளிர்ந்த பட்டறைக்கானது. இங்கே அதை அப்படியே நம்ப முடியாது.

பிசுபிசுவென்று காயாமல் நிற்பது

முதலில் பார்க்க வேண்டியது, பிசுபிசுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்பது. ஒரு கோப்பை பரவிய பரப்பு முழுக்க ஒரே சீராக மெத்தென்று இருந்தால் அளவு தவறியிருக்கிறது. பக்கத்தில் இருப்பது கல்லாக இறுகி, நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒட்டினால், கலக்கியது போதவில்லை. அந்தத் திட்டு அநேகமாகக் கோப்பையைக் கவிழ்த்து அடியை வழித்து ஊற்றிய இடமாகத்தான் இருக்கும். கோப்பையின் விளிம்பிலும் அடியிலும் கலவாத ரெசின் ஒட்டியிருக்கும், வழிக்கும்போது அது அப்படியே படகுக்கு வந்துவிடும்.

அளவு தவறுவதற்கு நம் ஊரில் தனிக் காரணம் ஒன்று உண்டு. மீன்பிடி ஃபைபர் படகு வேலை தெரிந்தவர்கள் கையில் பாலியெஸ்டர் ரெசின் பழக்கம் ஊறியிருக்கும். அதில் கேட்டலிஸ்ட் 1 அல்லது 2 சதவீதம்தான். வெயில் ஏறினால் குறைப்பார்கள், மழை மூட்டமாக இருந்தால் கூட்டுவார்கள். அது சரியான வேலைமுறைதான், ஏனென்றால் அங்கே கேட்டலிஸ்ட் வினையைத் தொடங்கி மட்டும் வைக்கிறது. எப்பாக்ஸி ஹார்ட்னரோ ரெசினோடு இணைந்து அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது. இணை கிடைக்காத ஹார்ட்னர் உள்ளேயே தங்கி, பூச்சை மெத்தென்று ஆக்கி, தண்ணீரை இழுக்கும். வேகத்தை மாற்ற வேண்டும் என்றால் வேறு ஹார்ட்னர் வாங்க வேண்டும், அளவில் கை வைக்கக் கூடாது.

இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்ட்னர் எடையில் 100-க்கு 10. லாப்பாக்ஸ் எல்-12, கே-6 ஜோடிக்கும் அதே விகிதம்தான். இதில் இருக்கும் ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிராம் ரெசினுக்கு ஹார்ட்னர் 6 கிராம். சமையலறைத் தராசு 1 கிராம் பிசகினால் ஹார்ட்னரில் 17 சதவீதம் பிசகிவிட்டது. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த ஜோடியைத் தொடவே வேண்டாம். 2-க்கு 1 என்று கலக்கும் எப்பாக்ஸி கிடைத்தால், விலை கூடினாலும் முதல் படகுக்கு அதையே பரிந்துரைப்பேன். அங்கே அதே 1 கிராம் பிசகு 3 சதவீதம்தான்.

டப்பாவில் எழுதியிருக்கும் விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் பாருங்கள். ரெசின் லிட்டருக்குச் சுமார் 1.15 கிலோ இருக்கும், ஹார்ட்னர் 1 கிலோவை ஒட்டி இருக்கும். ஆகவே கன அளவில் 2-க்கு 1 என்பது எடையில் 100-க்கு 50 ஆகாது, 43 அளவில் வரும். சரியான எண் அந்தந்தத் தயாரிப்பின் தாளில் இருக்கும்.

கலக்குவதற்குத் தட்டையான குச்சி, முழுதாக 2 நிமிடம். பக்கத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி அரை நிமிடம் கலக்குங்கள். இந்த இரண்டாவது கோப்பை ஒன்றே திட்டுப் பிரச்சினையை அநேகமாக ஒழித்துவிடும்.

ஏற்கனவே கெட்டுவிட்டதா? ஒரு நாள் பொறுத்து, அந்த இடத்தை ஹேர் டிரையரால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டு 45 டிகிரி வரை சூடாக்குங்கள். ஆறியபின் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் விழவில்லை என்றால் அது வெறும் தாமதம், பிரச்சினை தீர்ந்தது. இன்னும் விழுகிறது என்றால் அது இனி இறுகாது. ஹீட் கன்னால் இளக்கி ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, 80 எண் உப்புத்தாள் போட்டுப் புதிதாகப் பூசுங்கள். அந்தக் கலவையில் கிளாஸ் துணி (கண்ணாடி இழைத் துணி) விரித்திருந்தால் துணியையும் உரித்தே ஆக வேண்டும். சூடாக்கினால் முழு நீளத்துக்கும் வந்துவிடும். மனம் வலிக்கும் வேலை, ஆனால் அந்தத் துணி படகைத் தாங்காது.

கோப்பையிலேயே கொதிப்பது

டப்பாவில் 25 நிமிடம் என்று போட்டிருப்பது 22–25 டிகிரியில் 100 கிராமுக்கு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். மே மாதக் கொட்டகையில் 36 டிகிரி என்றால் 10 நிமிடம் கிடைத்தால் பெரிது. இறுகும் வினை வெப்பத்தை வெளிவிடுகிறது. கோப்பையில் குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற இடமில்லாமல் வினையை இன்னும் முடுக்கும். அதே எப்பாக்ஸியைத் தட்டையான டிரேயில் மெல்லியதாக ஊற்றிவிட்டால் மூன்று மடங்கு நேரம்கூடத் தாங்கும். கலக்கி முடித்ததும் கோப்பையிலிருந்து வெளியே எடுத்துவிடுவதுதான் முதல் விதி. துணியின் மேல் ஊற்ற வேண்டியது என்றால் நேராகத் துணியின் மேல் ஊற்றி, பிறகு பரப்புங்கள்.

கோப்பை கையைச் சுட ஆரம்பித்தால் அதைப் பூசாதீர்கள். கெட்டியாகத் தொடங்கிய எப்பாக்ஸி மரத்துக்குள் இறங்காது. வெளியே மணலில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், புகையை மூச்சில் இழுக்க வேண்டாம்.

கயாக்கில் இது மோசமாக நடக்கும் இடம் இரண்டு முனைகள். கைப்பிடிக் கயிற்றுக்குத் துளை போடுவதற்காக முன், பின் முனைகளின் உட்புறத்தை எப்பாக்ஸியால் நிரப்புவது வழக்கம். 300 கிராமை ஒரே தடவையில் அந்தக் குறுகிய இடத்தில் ஊற்றினால் நுரைத்து, கொதித்து, பிளைவுட்டைக் கருக்கிவிடும். மரத்தூள் கலந்து 2 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றி, அது முழுக்க ஆறியபின் அடுத்த 2 செ.மீ. ஊற்றுங்கள். இதைவிட நல்ல வழி, முனையின் வடிவத்துக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, கெட்டி எப்பாக்ஸியில் பதித்துவிடுவது. எடையும் குறையும்.

குமிழ்

மரத்துக்குள் காற்று இருக்கிறது. மரம் சூடானால் அந்தக் காற்று விரிந்து பூச்சின் வழியே வெளியேறும், ஆறினால் சுருங்கி எப்பாக்ஸியை உள்ளே இழுக்கும். பாதிக் குமிழ்ப் பிரச்சினை இந்த ஒரே காரணத்தால் வருவது. காலை 8 மணிக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பூச ஆரம்பித்தால், 11 மணிக்கு மரம் சூடேறும்போது பூச்சு பாதி இறுகியிருக்கும். குமிழ் வெளியேற முடியாமல் அங்கேயே நிற்கும். மாலை 4 மணிக்கு மேல், மரம் பகல் சூட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது பூசுங்கள்.

மாலையில் ஈரப்பதம் ஏறும் என்பதும் உண்மை. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 26 டிகிரியில் பனி படியும். மரத்தின் மேற்பரப்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். சூடாக இருந்து ஆறிக்கொண்டிருக்கும் மரத்துக்கு இது சிக்கலில்லை. ஏ.சி. அறையில் கிடந்த பலகையை வெளியே கொண்டுவந்து உடனே பூசினால்தான் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பூசுகிறீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நாள் முழுக்கத் தூறலாக இருக்கும்போது துணி விரிக்கும் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஈரமான பூச்சில் தெரியும் குமிழை ஹேர் டிரையரைக் குறுக்கே வேகமாக ஓட்டினால் உடைத்துவிடலாம். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் சூடாகிப் புதுக் குமிழ் வரும். இறுகிய பிறகு கண்டால் கத்தி முனையால் கிளறித் திறந்து, ஒரு சொட்டு எப்பாக்ஸி விடுங்கள்.

கிளாஸ் துணி வெளுத்துத் தெரிவது

வார்னிஷ் அடித்து மரம் தெரிய விடப்போகிற படகில் இதுதான் கண்ணை உறுத்தும் குறை. வெளுப்பில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கயாக்குக்கு ஏற்றது சதுர மீட்டருக்கு 130 முதல் 200 கிராம் வரையிலான நெய்த துணி. படகுக் கடைகளில் எடுத்தவுடன் காட்டும் மேட் வேண்டாம். அதில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் அது சரியாகக் கரையாது, துணி விறைத்து நின்று வளைவுகளில் படியாது. மடித்த துணியும் வேண்டாம், மடிப்புக்கோடு கடைசிவரை தெரியும். சுருளாக வாங்குங்கள்.

எப்பாக்ஸி துணியின் எடைக்குச் சமமாகப் போக வேண்டும். அடிப்பாகம் சுமார் 3 சதுர மீட்டர் என்றால் 200 கிராம் துணி 600 கிராம் எடை, அதற்கு 600 முதல் 700 கிராம் கலவை. இது மரத்துக்கு முன்பே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருந்தால் பொருந்தும் கணக்கு. பூச்சில்லாத மரத்தின் மேல் நேரே விரித்தால் மரம் குடிப்பது தனி.

முதல் வகை வெளுப்பு, இழை இழையாக நெசவு வெள்ளையாகத் தெரிவது. துணிக்கு எப்பாக்ஸி போதவில்லை. பூசும்போது தெளிவாக இருந்து, கால் மணி நேரத்தில் வெளுக்கும். மரம் அடியிலிருந்து குடித்துவிட்டது என்று அர்த்தம், பலகை ஓரங்களில் இது அதிகம். ஆகவே முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றாதீர்கள். 15 நிமிடம் கழித்து விளக்கைத் தாழப் பிடித்து ஒரு சுற்று பாருங்கள், வெளுத்த இடத்தில் பிரஷ்ஷால் ஒற்றுங்கள். இறுகியபின் கண்டால் மேலே பூசுவதால் உள்ளே போகாது. அந்தத் துண்டை உப்புத்தாளால் மரம் வரை எடுத்து, சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டிய ஒட்டுத்துணி போடுங்கள்.

இரண்டாவது வகை, பால் கலந்தது போல மங்கலாகத் தெரிவது. ஸ்குவீஜியை (எப்பாக்ஸியைப் பரப்பி வழிக்கும் தட்டையான தகடு) ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி இழுத்ததால் காற்று நுரைத்துத் துணிக்குள் போயிருக்கிறது. ஒரு முறை பரப்ப, ஒரு முறை மிகுதியை வழிக்க, அவ்வளவே. வழித்ததைப் படகில் திரும்பப் போடாமல் வேறு கோப்பையில் எறியுங்கள். ஈரமான துணியும் இப்படி மங்கலாகும், மழைக்காலத்தில் சுருளை பாலிதீனில் இறுகக் கட்டி வையுங்கள்.

மூன்றாவது, துணி மரத்தை விட்டு மிதப்பது. எப்பாக்ஸி அதிகமாகிவிட்டது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், குறை தெரியாது. பிறகு தேய்க்கும்போது துணியே மேலே வந்துவிடும். துணி விரித்து முடித்த பரப்பு நெசவு தெரிய, மங்கிய பளபளப்போடு இருக்க வேண்டும். பளபளப்பு அடுத்த பூச்சுகளின் வேலை.

பலகைகள் சேரும் உள்மூலைகளில் நிரப்பும் கெட்டிக் கலவையான பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எப்பாக்ஸியில் சலித்த மரத்தூளும் கொஞ்சம் சிலிக்கா பவுடரும் சேர்த்துக் கெட்டித் துவையல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குச்சியில் எடுத்தால் சரியாமல் நிற்க வேண்டும். பட்டி சரிந்து வழிகிறது என்றால் தூள் போதவில்லை, அல்லது கோப்பை சூடாகி இளகியிருக்கிறது. பட்டி முழுக்க இறுகும் முன்பே அதன் மேல் 75 மி.மீ. கிளாஸ் டேப்பை ஒட்டிவிட்டால் இடையில் தேய்க்கும் வேலை மிச்சம்.

மெழுகுப் படலமும் விலகி நிற்கும் பூச்சும்

ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேற்பரப்பில் வழவழப்பான படலமாகப் படியும். கடற்கரை ஊர்களில் இது வரும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். 10-க்கு 1 கலக்கும் வேகமான ஹார்ட்னர்களில் இன்னும் அதிகம். ஈர விரலால் தேய்த்தால் சோப்பு போல வழுக்கும்.

இதைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பது தவறு. உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், படலம் கீறல்களுக்குள் இறங்கும். இது தண்ணீரில் கரையும். சுத்தமான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரும் போதும். தேய்த்த தண்ணீர் காயும் முன் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், காய விட்டால் படலம் திரும்பப் படியும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். கழுவி உலர்ந்த பிறகுதான் உப்புத்தாள்.

புதுப் பூச்சு குழிகுழியாக விலகி, அடிப்பரப்பு வட்டவட்டமாகத் தெரிந்தால் ஒன்று இந்தப் படலம், இல்லை எண்ணெய். தலை எண்ணெய், வியர்வை, கம்ப்ரசர் காற்றில் வரும் எண்ணெய்த் துளி, பக்கத்தில் அடித்த சிலிக்கோன் ஸ்பிரே எல்லாமே இதைச் செய்யும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறி கொண்ட மரைன் பிளைவுட்டில் அதிகம் வரும் குர்ஜன் மரத்துக்கே இயற்கையில் எண்ணெய்ப் பிசின் உண்டு. பூசும் அன்றே 80 உப்புத்தாளால் புதுப் பரப்பு எடுங்கள். வாங்கிய பலகையில் இரண்டு துண்டை ஒட்டி, 3 நாள் கழித்து உடைத்துப் பாருங்கள். மரம் பிய்ந்தால் நல்லது. ஒட்டிய இடம் வழவழவென்று பிரிந்தால் அந்தப் பலகையைப் படகுக்கு எடுக்காதீர்கள்.

நிரப்புப் பூச்சும் தேய்ப்பும்

நெசவை மறைக்க மெல்லிய பூச்சு இரண்டு அல்லது மூன்று. முந்தைய பூச்சில் விரல் வைத்தால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அடுத்ததைப் பூசினால் இரண்டும் ஒன்றாகவே இறுகும். அந்தப் பதம் தாண்டிவிட்டால் கழுவி, 120 உப்புத்தாள் போட்டுத்தான் பூச வேண்டும். பூசி அரை மணி நேரத்தில் வழிசல்கள் தெரியும், அப்போதே பிரஷ்ஷால் இழுத்துவிடுங்கள். இறுகிய வழிசலை ஸ்கிரேப்பரால் சீவுங்கள். உப்புத்தாள் வழிசலோடு பக்கத்துத் துணியையும் தின்றுவிடும்.

இளகலாகப் பூச வேண்டும் என்று தின்னர் ஊற்றாதீர்கள். 5 சதவீதம் லாக்கர் தின்னர் சேர்த்தாலே அழுத்தம் தாங்கும் வலிமை 35 சதவீதம் குறைகிறது என்று வெஸ்ட் சிஸ்டம் எப்பாக்ஸி செய்யும் கூஜன் பிரதர்ஸ் நிறுவனமே சொல்கிறது. ரெசின் பாட்டிலை வெந்நீரில் வைத்தால் தானே இளகும். வேலை நேரம் குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முழுத் தேய்ப்புக்குக் குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம் பொறுங்கள். அரைகுறையாக இறுகிய தூள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் எப்பாக்ஸியைத் தொடவே முடியாமல் போகலாம். என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை கட்டாயம். கையில் ஒட்டியதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், சோப்புதான்.

வெயிலும் வார்னிஷும்

எப்பாக்ஸி புற ஊதாக் கதிரைத் தாங்காது. மஞ்சளித்து, பொடியாக உதிரத் தொடங்கும். புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் 4 அல்லது 5 பூச்சு வேண்டும். ஆனால் ஒற்றை டப்பா வார்னிஷ், எனாமல் சில, எப்பாக்ஸியின் மேல் நாள்கணக்கில் காயாமல் ஒட்டும். மேற்பரப்பில் மிஞ்சிய அமீன்தான் காரணம். இருக்கைக்கு அடியில் மறைவான இடத்தில் கையளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். காயவில்லை என்றால் இரண்டு பகுதியாகக் கலக்கும் பாலியூரித்தேனுக்கு மாறிவிடுங்கள்.

பெயின்ட் என்றால் வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி 50 முதல் 60 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். கறுப்போ கருநீலமோ அடித்த மேல்தளம் நம் வெயிலில் அந்த அளவைத் தாண்டிவிடும், தேய்த்து மறைத்த நெசவு மறுபடி மேலே தெரிய வரும். எந்த நிறமானாலும் கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு வாரம் நிழலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். கார் மேல் கட்டி எடுத்துப்போகும்போது வெளிர்நிறத் துணி ஒன்றால் மூடிக்கொள்ளுங்கள். பட்டைகளை அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம், வெயிலில் இளகிய பரப்பில் பட்டையின் தடம் பதிந்துவிடும்.